சம்பூர் மொட்டைப்பனைகளும் மொரீசியஸ் கிளியும்: திருகோணமலையில் ஆறு நாள்

முதல் நாள், வியாழன்

காலை ஏழு மணி பஸ்ஸில் வவுனியாவில் ஏறி, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலையில் வந்து இறங்கப் பத்தரை ஆகிவிட்டது. மாசி மாதம். மாரி ஓய்ந்துவிட்டது, வெயில் இன்னும் உறைக்கத் தொடங்கவில்லை. உப்புவெளிப் பக்கம் விடுதிகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன. வெளிநாட்டுக்காரர் கூட்டம் சித்திரைக்குப் பிறகுதான் வரும். நான் கடல் குளிக்க வரவில்லை, கிளி பார்க்க வந்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு விலங்கியல் படித்த தோழி இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தலையில்லாத பனை ஒன்று, நடு மரத்தில் ஒரு பொந்து, பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சிவந்த அலகு. கீழே எழுதியிருந்தாள்: "சம்பூர்ப் பக்கம் இப்பிடி நிறைய மொட்டைப்பனை நிக்குது. குஞ்சு பொரிச்ச உடனே எடுத்து விக்கிறாங்கள். நீ மொரீசியஸில செய்ததை இங்கே செய்யேலாதா?"

மொரீசியஸில் ஒரு கூடுகட்டும் பருவம் முழுக்க, செப்ரெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை, எக்கோ கிளிகளைக் காக்கும் வேலையில் தொண்டராக இருந்தேன். முதல் மாதம் காட்டில். மிச்ச மாதங்கள் பெரும்பாலும் ஒரு பலகைக்கு முன்னால். எந்தப் பொந்தை யார் எந்த நாள் பார்ப்பது, எதில் முட்டை, எதில் குஞ்சு, யார் கடைசியாக ஏறியது என்று எழுதி, அழித்து, திரும்ப எழுதும் வேலை. காட்டைவிட அந்தப் பலகையில்தான் நான் அதிகம் படித்தேன்.

அந்தக் கிளியின் கதையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மொரீசியஸ், ரியூனியன், ரொட்ரிக்ஸ் என்ற மூன்று தீவுகளிலும் ஒரு காலத்தில் பலவகைக் கிளிகள் இருந்தன. ரொட்ரிக்ஸ் தீவுக் கிளியைக் கடைசியாகக் கண்டது 1875இல். ரியூனியன் கிளி அதற்கும் முன்பே போய்விட்டது. மிஞ்சியது மொரீசியஸின் எக்கோ மட்டும். ஊர்ச்சனம் 'கட்டோ வேர்' என்பார்கள். 1980களில் அதுவும் பத்துப் பன்னிரண்டு என்ற நிலைக்கு வந்து, உலகத்திலேயே அரிய கிளி என்று பேர் வாங்கியது. காட்டை வெட்டிக் கரும்பு நட்டார்கள். நல்ல பழங்காடு என்று அந்தத் தீவில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பெருமரம் இல்லாவிட்டால் பொந்து இல்லை, பொந்து இல்லாவிட்டால் கிளிக்கு முட்டையிட இடமில்லை. இருந்த சில பொந்துகளிலும் எலி முட்டையைத் தின்றது, குரங்கு குஞ்சைத் தின்றது. அந்த நிலையிலிருந்து 2019இல் 750 என்ற எண்ணிக்கையைத் தொட்டிருக்கிறது. தோழி கேட்டது இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நடந்ததைப் பற்றித்தான்.

ஒவ்வொரு நாளும் இரவில் எழுதிப் போடுகிறேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் கோணேசர் கோயில். கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் வீதியோரத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பஸ் ஹோன் அடித்தாலும் எழும்புவதில்லை. அர்ச்சனை முடித்துப் படியிறங்கும்போது தலைக்குமேலால் ஐந்தாறு கிளிகள் கத்திக்கொண்டு கடலோரமாகப் போயின. தோழி நின்றுவிட்டாள்.

"பத்து வருசமா இதுகளைத்தான் பார்க்கிறன். எத்தனை நிக்குதெண்டு ஆராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

அதுதான் இன்றைக்குச் செய்த வேலை. பின்னேரம் அவளுடைய மாணவர்கள் ஐந்து பேரோடு, கிளிகள் அடையும் ஒரு தென்னந்தோப்புக்கு அருகில் போய் நின்றோம். கிளி பகலில் எங்கெங்கோ மேயும், ஆனால் இருட்ட முன்னம் ஒரே இடத்துக்கு வந்து கூட்டமாக அடையும். எண்ணுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஐந்தேகால் தொடங்கி இருட்டும் வரைக்கும் எண்ணினோம். முடிவில் கொப்பிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒருத்தியிடம் 212, அவளுக்குப் பத்தடி தள்ளி நின்ற பொடியனிடம் 140. இரண்டு பேரும் கவனமான பிள்ளைகள். பிழை என்னவென்றால், இருவருக்கும் வானத்தைப் பிரித்துக் கொடுக்கவில்லை. அவள் இரண்டு பக்கத்தையும் எண்ணியிருக்கிறாள். நாளைக்கு இந்தத் தென்னைக்கு வலப்பக்கம் உனக்கு, இடப்பக்கம் அவனுக்கு, நேரம் பார்த்துக் கூப்பிடுவது மூன்றாவது ஆள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

இங்கே இரண்டு கிளிகளையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் 'பச்சைக்கிளி' என்று சொல்வது செந்தார்ப் பைங்கிளி, ஆணின் கழுத்தைச் சுற்றிச் சிவப்பும் கறுப்புமாக ஒரு ஆரம் இருக்கும். இன்னொன்று பெரிய பச்சைக்கிளி. உடம்பு பெரிது, குரல் கட்டையானது, தோள்பட்டையில் காய்ந்த குங்குமம் போல ஒரு சிவப்புத் திட்டு. உலகளவில் அச்சுறுத்தலுக்குக் கிட்ட வந்துவிட்ட இனம் என்று பதிந்திருக்கிறார்கள். நன்றாகப் பேசப் பழகும் என்பதற்காகக் குஞ்சிலேயே பிடிக்கிறார்கள் என்பது அதற்கு முக்கியமான காரணம். தோழி அனுப்பிய படத்தில் இருந்ததும் அதுதான்.

எக்கோ கிளிக்கு மிக நெருங்கிய உறவு நம்முடைய செந்தார்ப் பைங்கிளி. அக்கா தங்கச்சி என்று சொல்லலாம், பக்கத்தில் வைத்தால் பழக்கமில்லாதவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மொரீசியஸில் செந்தார்ப் பைங்கிளி அந்நியன். 1886ஐ ஒட்டிக் கூண்டிலிருந்து தப்பிப் பெருகி, எக்கோவுக்குக் கிடைக்க வேண்டிய பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. சீஷெல்ஸின் மாஹே தீவில் இதே பறவை பெருகி, அயல் தீவிலுள்ள கறுங்கிளிக்கு ஆபத்தாகிவிடும் என்று பயந்து, பல வருடம் வேலை செய்து கடைசிக் கிளி வரைக்கும் அகற்றினார்கள். 2019இல்தான் முடிந்தது என்று அறிவித்தார்கள். மாணவர்களுக்கு இதைச் சொன்னபோது ஒருத்தி கேட்டாள்: "அப்ப அதில கிளியில பிழை என்ன மிஸ்?" கிளியில் ஒரு பிழையும் இல்லை. தென்னந்தோப்புக்குள் இறங்கிச் சண்டை பிடித்துக்கொண்டு அடைந்த இந்தக் கூட்டம் தன்னுடைய ஊரில் இருக்கிறது. ஊர் மாற்றியது மனிசர்.

மூன்றாம் நாள், சனி

தம்பலகாமம். பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் வெட்டு மெசின் ஓட, மறுபக்கம் கதிர் முற்றிய வயலில் கிளி இறங்கிக் கதிரை ஒடித்துக்கொண்டு பறக்கிறது. தின்பதைவிடக் கொட்டுவது கூட. வரம்பில் நின்று தகரம் தட்டிக்கொண்டிருந்த பெரியவர் நான் கிளிக்காக வந்தவள் என்று அறிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காக்க வந்தனியோ பிள்ளை? அப்ப இந்த வயலையும் கொஞ்சம் காத்துவிடு."

அவர் சொன்னது நியாயம். ஒரு மணித்தியாலம் அவரோடு நின்று நானும் தகரம் தட்டினேன். பறவையைக் காக்கிறோம் என்று வருகிறவர்கள் முதலில் வயல்காரரின் நட்டத்தைக் கேட்காமல் போனால், அடுத்த முறை அவர்கள் வலை போடும்போது நமக்குச் சொல்லவே மாட்டார்கள். கேட்டதில் ஒரு செய்தி கிடைத்தது: வயலுக்கு வருவது ஆரமுள்ள சின்னக் கிளிதான் கூட, தோளில் சிவப்பு உள்ள பெரியது ஐம்பதுக்கு ஒன்று இரண்டு. "முந்தி அதுவும் கூட்டமா வரும்" என்றார். எழுதிக்கொண்டேன்.

பின்னேரம் நிலாவெளிக் கரையில் நின்று புறாத்தீவைப் பார்த்தேன். படகு எடுக்கவில்லை, கடல் இன்னும் அடங்கவில்லை. மாடப்புறாக்கள் முட்டையிடும் அந்தப் பாறைத் தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்கா ஆனது. புறாவுக்கு ஒரு தீவைக் கொடுத்த ஊர் இது.

நான்காம் நாள், ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது வெளிச்சம் வந்துவிட்டது. 2009இல் பாலம் திறக்கும்வரை இங்கே 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகில்தான் வாகனத்தை ஏற்றிக் கடப்பார்கள். தோழி சின்னவளாக இருக்கும்போது பாதைக்குக் காத்திருந்து பள்ளிக்கூடம் பிந்திய கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். கங்கை, மூதூர், கட்டைபறிச்சான், பிறகு சம்பூர். மூதூரில் வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். தோழி முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாள். அவர் இல்லாமல் ஒரு பொந்திலும் கை வைப்பதில்லை என்பது எங்களுக்குள் பேச்சு.

சம்பூரில் பனைகளைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. 2006இல் ஷெல் விழுந்து தலை போன பனைகள் வளவுக்கு வளவு நிற்கின்றன. கறுத்து, நேராக, ஓலையே இல்லாமல். அவற்றில் கிளி வாழ்கிறது. உச்சி உக்கிய பனையின் உட்பக்கம் சோற்றி போல மெதுவாகிவிடும். மரங்கொத்தி முதலில் தொடங்கும், கிளி அகட்டிக்கொள்ளும்.

நாங்கள் பார்க்கப் போனது ஒரு மரமேறியை. அறுபதை ஒட்டிய வயது. தேங்காய் பறிப்பு, ஓலை வெட்டு, முந்திக் கள்ளுச் சீவல். கிளிக்குஞ்சு எடுத்து விற்பதும் அவர்தான், அதை மறைக்கவும் இல்லை. முற்றத்தில் பாய் விரித்து இருத்தி பிளேன்ரீ தந்தார்.

"நாங்க ஒன்பது வருசம் ஊருக்கு வெளியில. கிளிவெட்டி முகாமில கனகாலம். திரும்பி வரக்குள்ள என்ட வீட்டுக்குக் கூரை இல்ல. பனைக்குத் தலை இல்ல. பொந்துக்குள்ள கிளி இருந்திச்சு. நாங்க இல்லாத காலம் அதுகள்தான் வளவில இருந்திருக்கு."

எந்தெந்த மரத்தில் கூடு என்று கேட்டேன். விரலை மடக்கிக்கொண்டு சொன்னார்: கிணத்தடிப் பனை, இரட்டைப் பனையில் தெற்கால நிற்கிறது, கோயில் வளவுப் பனை, இடி விழுந்த பனை. பதினாலு மரம். எதில் சின்னக் கிளி, எதில் பெரிய கிளி, எது முட்டை, எது குஞ்சு, போன வருடம் எதில் பாம்பு ஏறியது எல்லாம் சொன்னார். மொரீசியஸில் இப்படி ஒரு பட்டியலுக்காகப் பல பேர் பல வாரம் காட்டுக்குள் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த மனிதரிடம் அது தலைக்குள் இருக்கிறது. விற்பதற்காகச் சேர்த்த அறிவு என்பதற்காக அதை அறிவில்லை என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் அவருடைய பேத்தி உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்று குஞ்சு. அன்று விடியத்தான் எடுத்திருக்கிறார், மத்தியானம் ஆள் வாங்க வர இருந்தது.

குனிந்து பார்த்தேன். மூன்று கிழமை இருக்கும். தோல் சாம்பலும் ரோசுமாக, அதில் வரிசை வரிசையாக முள்ளிறகு. ஒவ்வொன்றும் பேனா நிப்பு மாதிரிக் கறுத்த குழல், நுனியில் மட்டும் பச்சை எட்டிப் பார்க்கிறது. தோளில் சிவப்பு இன்னும் வரவில்லை, ஆனால் அலகின் பருமனிலேயே இது பெரிய பச்சைக்கிளி என்று தெரிந்தது. கழுத்துக்குக் கீழே தீனிப்பை. மூத்த இரண்டுக்கும் அது உருண்டு திரண்டிருந்தது, கடைக்குட்டிக்குச் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. புளித்த பாண் மணம். பாணைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆறிப்போன தீனி குஞ்சின் தீனிப்பையில் செரிக்காமல் நின்று புளித்துவிடும், சூடு கூடினால் பை வெந்துவிடும். மொரீசியஸில் கையால் வளர்த்த குஞ்சுகளுக்கு ஒவ்வொரு முறையும் வெப்பமானியை வைத்துப் பார்த்துத்தான் ஊட்டுவார்கள். இதைச் சொன்னதும் பேத்தியின் முகம் வாடிவிட்டது. அவள் அன்பாகத்தான் ஊட்டியிருக்கிறாள்.

பெரிய பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம் என்று உத்தியோகத்தர் அமைதியாகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, வழக்கு என்ற சொல்லையும் எடுக்கவில்லை. "ஐயா, தாய் இன்னும் மரத்தடியில நிக்குமா?" என்று மட்டும் கேட்டார். மரமேறி ஐயா எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

தாய் நின்றது. கிணத்தடிப் பனைக்கு எதிரே வேம்பில் இருந்துகொண்டு விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. மொட்டைப்பனையில் தளைநார் போட்டு ஏற முடியாது, உள்ளே உக்கியிருக்கும், பாரம் தாங்காமல் முறியும். ஐயா கத்திப்பிடியால் அடிமரத்திலிருந்து கை எட்டும் உயரம் வரை தட்டிக்கொண்டு போனார், காதை மரத்தோடு வைத்துக்கொண்டு. ஒரு இடத்தில் சத்தம் 'டொக்' என்றது, இன்னொரு இடத்தில் 'பொது'க்கென்று உள்வாங்கியது. "இதுக்கு மேல மரத்தில சாயக்கூடாது" என்று சொல்லி, மூங்கில் ஏணியைப் பக்கத்துத் தென்னையோடு சேர்த்துக் கட்டி ஏறினார். மூன்று குஞ்சையும் மடிக்குள் வைத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். இறங்கி வந்து ஏணியை எடுத்துவிட்டு நாங்கள் எல்லோரும் கிணற்றுக்குப் பின்னால் போய் இருந்தோம்.

நாற்பது நிமிடம். காகம் ஒன்று வந்து போனது. ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு தாய்க்கிளி வேம்பிலிருந்து நேரே வந்து பொந்து விளிம்பைப் பற்றிக்கொண்டு, இரண்டு தரம் தலையை உள்ளே விட்டுவிட்டு எடுத்து, மூன்றாம் தரம் முழுதாக உள்ளே போனது. உள்ளேயிருந்து குஞ்சுகளின் கரகரத்த சத்தம் கேட்டது. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேத்தண்ணிக்குத் திரும்ப இருந்தபோது ஐயா கேட்டார்: "நான் எடுக்காம விட்டா எனக்கு என்ன மிஞ்சும் பிள்ளை? மூண்டு குஞ்சு எனக்கு மூண்டு நாள் கூலி." கேட்க வேண்டிய கேள்வியை நேரே கேட்டதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மொரீசியஸில் மரமேறுகிறவர்களுக்குச் சம்பளம் இருந்தது. பொந்தை அறிந்தவரின் அறிவுக்கு விலை உண்டு, அந்த விலையைக் குஞ்சை வாங்க வருகிறவன் மட்டும்தான் கொடுப்பான் என்று விட்டுவிட்டால் பிழை எங்களுடையது. தோழியின் பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் சிலர் கை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். குஞ்சு பறந்து போகும் ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு தொகை, பருவம் முடிந்ததும் கையில். ஐயா உடனே சரி என்று சொல்லவில்லை. இரவு யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஐந்தாம் நாள், திங்கள்

காலையில் அவர் சரி என்றார். அதற்குப் பிறகு நடந்த பிழை என்னுடையது, அதை இங்கே எழுதாமல் விட முடியாது.

நேற்றிரவு நான் மாணவர்களுக்காக மரங்களுக்கு இலக்கம் போட்டு வரைபடம் கீறினேன். 7ஆம் இலக்க மரத்தைக் காலை பார்க்கச் சொன்னேன். ஐயாவிடம் தனியாக, கிணத்தடிப் பனையை விடியப் பாருங்கள் என்றேன். இரண்டும் ஒரே மரம். ஆறரைக்கு அவர் ஏணி வைத்துத் தாயை எழுப்பிவிட்டு இறங்கியிருக்கிறார். ஏழே முக்காலுக்குப் பிள்ளைகள் தடியில் கட்டிய கண்ணாடியோடு அதே மரத்தடியில். தாய் இரண்டாம் முறை எழும்பிப் போய்ப் பத்து மணி கழிந்தும் வரவில்லை. ஒன்பதரைக்குக் காகம் பொந்து விளிம்பிலேயே வந்து இருந்துவிட்டது. கல்லெடுத்து எறிந்து விரட்டிக்கொண்டே இருந்தோம். நேற்றுப் பாடுபட்டுத் திரும்ப வைத்த குஞ்சுகளை இன்று என் கொப்பியின் ஒரு வரி கொன்றுவிடும் என்று எனக்குக் கை நடுங்கியது. பத்தே கால் தாண்டித் தாய் வந்தது. மூன்றும் உயிரோடு இருக்கின்றன.

நான் பலகைக்கு முன்னால் இருந்து படித்தது இதைத்தான், இங்கே வந்ததும் மறந்துவிட்டேன். எக்கோ கிளியைக் காப்பாற்றிய கதையைச் சொல்லும்போது எல்லோரும் கார்ல் ஜோன்ஸைச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். வேல்ஸ் நாட்டிலிருந்து 1979இல் மொரீசியஸ் வந்த அவர் முதலில் கையில் எடுத்தது அந்தத் தீவின் வல்லூறை. 1974இல் காட்டில் நாலே நாலு எஞ்சியிருந்த பறவை அது. பிறகு கிளி. முட்டையை எடுப்பது, குஞ்சை மாற்றி வைப்பது, பெட்டிக்கூடு கட்டிக் கொடுப்பது, மேலதிகத் தீனி வைப்பது என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். நாலு முட்டையிட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் மிஞ்சும். மூத்தது தின்ன இளையது பட்டினி கிடக்கும். அந்த இளையதை எடுத்து, முட்டை கூழாகிப்போன வேறொரு சோடியின் பொந்தில் வைத்தார்கள். அந்தச் சோடி அதைத் தன் குஞ்சாகவே வளர்த்தது. இதற்கு எந்தப் பொந்தில் எத்தனை நாள் குஞ்சு, எந்தப் பொந்து வெறுமை என்பது ஒவ்வொரு நாளும் எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 2005ஐ ஒட்டி அலகையும் இறகையும் தாக்கும் நோய் பரவியபோது, ஒரு பொந்தில் கை வைத்தவர் கழுவாமல் அடுத்ததுக்குப் போகக்கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. 2007இல் அந்தக் கிளி மிக ஆபத்தான நிலையிலிருந்து ஒரு படி மேலே வந்தது, 2019இல் இன்னொரு படி. அந்த வருடங்களுக்குப் பின்னால் நிறையப் பலகைகள் இருக்கின்றன.

மத்தியானம் எல்லோரையும் ஐயாவின் திண்ணையில் இருத்தி, என் வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பழைய கரும்பலகை வந்தது. மரங்களுக்கு ஐயா வைத்த பெயர்தான் பெயர், இலக்கம் வேண்டாம். ஒரு மரத்துக்கு ஒரு நாளில் ஒரு ஆள். போகிறவர் போகமுன் பலகையில் பெயரை எழுத வேண்டும், வந்து என்ன கண்டார் என்று எழுத வேண்டும். ஐயாவுக்கு எழுத்து வராது, எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி எழுதுவாள். பின்னேரம் அவள் பலகையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் தோழிக்கும் உத்தியோகத்தருக்கும் அனுப்புவாள். கண்ணாடித் தடியை ஒவ்வொரு மரத்துக்கும் பிறகு டெற்றோல் தண்ணீரில் துடைக்க வேண்டும்.

ஒரு பொடியன், மொரீசியஸில் எலி ஏறாமல் மரத்தைச் சுற்றித் தகடு அடித்தார்களே, இங்கேயும் பாம்பு ஏறாமல் அடிப்போமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மொரீசியஸில் எலியும் குரங்கும் கப்பலில் மனிசர் கொண்டுவந்தவை, அந்தக் கிளி அவற்றை அறியாமல் வளர்ந்தது. சாரையும் உடும்பும் சம்பூரில் கிளிக்கு முன்னமே இருக்கின்றன. அவையும் பிள்ளைகுட்டி வளர்க்க வேண்டும். நாங்கள் தடுக்கப் போவது மனிசக் கையை மட்டும். உத்தியோகத்தரும் அதைத்தான் சொன்னார். ஐயா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது பாம்பைப் பற்றியல்ல, மரத்தைப் பற்றி. திரும்பி வந்த சனம் வீடு கட்டுகிறது. மொட்டைப்பனை வளவில் நின்றால் எப்போது முறிந்து விழுமோ என்று பயம், அதனால் வெட்டுகிறார்கள். பதினாலில் நாலு மரத்துக்கு ஏற்கெனவே வெட்டுப் பேசியாகிவிட்டது. வெட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் விளையாடும் முற்றம். எங்களால் கேட்க முடிந்தது ஒரு தவணைதான்: குஞ்சு பறக்கும்வரை, வைகாசி முடியும் வரை. மூன்று வீட்டில் சரி என்றார்கள். நாலாவது வீட்டில் மரம் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. அங்கே நாங்கள் கேட்கவே இல்லை. அந்தப் பொந்தில் இருப்பது முட்டையா குஞ்சா என்று பார்த்து, என்ன செய்வது என்று உத்தியோகத்தர் மேலிடத்தில் அனுமதி கேட்பார். அடுத்த பருவத்துக்குப் பலாப்பலகையில் பெட்டிக்கூடு செய்து பக்கத்துத் தென்னையில் கட்டிப் பார்க்கலாம் என்று ஐயாவே சொன்னார். எக்கோ கிளிகள் பெட்டிக்குப் பழகச் சில காலம் எடுத்தது, பழகிய பிறகு விடவில்லை.

ஆறாம் நாள், செவ்வாய்

மத்தியான பஸ்ஸில் வவுனியா திரும்புகிறேன். அதற்கு முன் விடிய ஒரு தரம் சம்பூர் போனோம்.

பலகையில் பேத்தியின் எழுத்து: "கிணத்தடிப் பனை. பார்த்தது அம்மப்பா, தூரத்தில் நின்று. தாய் 6.20க்கு வெளியே, 6.50க்கு உள்ளே. தகப்பன் கிளியும் வந்தது. ஏறவில்லை." கீழே இரட்டைப் பனைக்கும் கோயில் வளவுப் பனைக்கும் ஒவ்வொரு வரி.

குஞ்சு வாங்க வருகிற ஆள் நேற்றுப் பின்னேரமும் வந்து போயிருக்கிறார். ஐயா இல்லை என்று அனுப்பியிருக்கிறார். அடுத்த முறையும் அப்படியே அனுப்புவாரா என்று நான் கேட்கவில்லை. பங்குனி மூன்றாம் கிழமை திரும்பி வருகிறேன், அந்த நாட்களில்தான் கிணத்தடிக் குஞ்சுகள் வெளியே வரும். வரும்போது அவருக்குச் சேர வேண்டிய முதல் தொகையும் கையில் இருக்க வேண்டும், அதைப் பிந்தவிட மாட்டேன். மூதூர், சம்பூர், கட்டைபறிச்சான் பக்கம் வளவில் மொட்டைப்பனை நிற்கிறவர்கள் இதை வாசித்தால், வெட்டுமுன் ஒருநாள் பின்னேரம் மரத்தடியில் நின்று பொந்தைப் பாருங்கள். ஆபத்தான மரம் என்றால் வெட்டத்தான் வேண்டும். இல்லையென்றால் வைகாசி வரை பொறுங்கள்.

புறப்படுமுன் கிணத்தடிக்குப் போனேன். ஒருவரும் இல்லை, வாளி கவிழ்த்தபடி கிடந்தது. அந்தக் கிணற்றில் விடியக் குளித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இப்போது எட்டு மணிக்குப் பிறகுதான் வாளியை எடுக்கிறார்கள் என்று பேத்தி சொன்னாள். அவர்களிடம் நாங்கள் அதைக் கேட்கவேயில்லை.